போகிறேன் என்று சொன்ன பிறகு ஏறிய சம்பளம்

ராஜினாமாக் கடிதம் கொடுத்த மூன்றாம் நாள் காலை, முதலாளி கூப்பிடுவதாக ஆள் வந்தது. 2023 அக்டோபர், ஆயுத பூஜைக்கு முந்தைய வாரம். அந்த அறைக்குள் பதினொரு வருடமாகப் போய் வந்திருக்கிறேன். காகிதங்களை நீட்டுவேன், கையெழுத்து வாங்குவேன், நின்றபடியே திரும்பிவிடுவேன். அன்றைக்கு "உக்காருங்க" என்றார். எனக்கும் சேர்த்துக் காபி வந்தது.

"ஏனுங்க, இப்படித் திடீர்னு எழுதிக் குடுத்தா எப்படிங்க? நம்ம வீட்டுப் புள்ள மாதிரி இருந்தீங்க. அங்க எவ்வளவு தர்றாங்க?"

ஐம்பத்தைந்தாயிரம் என்றேன். அவர் யோசிக்கக்கூட இல்லை.

"அம்பத்தாறு போட்டுக்கலாம். மேனேஜர்னு ஆக்கிரலாம். அந்தக் கடுதாசியத் திருப்பி வாங்கிக்கங்க."

அப்போது என் சம்பளம் 38,000 ரூபாய். ஒரு காபி ஆறுவதற்குள் பதினெட்டாயிரம் ஏறிவிட்டது. என் இடத்துக்கு வந்து உட்கார்ந்தபோது முதலில் வந்தது சந்தோஷம்தான். அதை மறைத்து எழுதினால் பொய்யாகிவிடும். ஆனால் சந்தோஷத்தின் பின்னாலேயே ஒரு கேள்வியும் வந்து நின்றது. இந்தப் பதினெட்டாயிரம் போன மாதம் எங்கே இருந்தது?

நான் வேலை பார்த்தது கோவையில் பம்ப் செய்து ஏற்றுமதி செய்கிற ஒரு நடுத்தர நிறுவனத்தில். எம்.காம். முடித்துவிட்டு 2012 ஜூனில் 9,500 ரூபாய்க்குச் சேர்ந்தேன். ஏற்றுமதி ஆவணப் பிரிவு. கன்டெய்னர் தூத்துக்குடிக்கோ கொச்சிக்கோ போகும். அதனுடன் இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், ஷிப்பிங் பில், பில் ஆஃப் லேடிங், சரக்கு எந்த நாட்டில் தயாரானது என்பதற்கான சான்றிதழ் என்று ஒரு கட்டுக் காகிதம் போக வேண்டும். வாங்குகிறவர் எல்.சி. மூலம் பணம் தருவதாக இருந்தால், அந்தக் காகிதங்கள்தான் பணம். சரக்கு ஏறிய தேதியிலிருந்து வழக்கமாக 21 நாளுக்குள் வங்கியில் கொடுத்துவிட வேண்டும். வங்கி ஐந்து வேலை நாள் எடுத்துக்கொண்டு ஒவ்வொரு எழுத்தாகப் பார்க்கும். எல்.சி.யில் வாங்குபவர் பெயர் ஒரு விதமாகவும் இன்வாய்ஸில் வேறு விதமாகவும் இருந்தாலோ, பேக்கிங் லிஸ்ட்டில் உள்ள எடைக்கும் பில் ஆஃப் லேடிங்கில் உள்ள எடைக்கும் பொருந்தாவிட்டாலோ, முரண் என்று எழுதி நிறுத்திவிடும். சரக்கு கடலில் இருக்கும். பணம் வராது. ஆகவே என் வேலை, காகிதத்தில் முரண் தேடுவது. பதினொரு வருடம் மற்றவர்களுடைய காகிதங்களில் தேடினேன். என்னுடைய சம்பளச் சீட்டில் தேட எனக்குத் தோன்றவில்லை.

தேட வைத்தது ஒரு தற்செயல். 2017இல் எங்கள் பிரிவில் ஒருவர் சேர்ந்தார். நல்ல மனிதர், இன்றைக்கும் நண்பர். எல்.சி.யை எந்த வரியிலிருந்து படிக்கத் தொடங்க வேண்டும் என்பதிலிருந்து அவருக்கு நான்தான் சொல்லிக்கொடுத்தேன். தூத்துக்குடி வழியாகப் போவதை நானும், கொச்சி வழியாகப் போவதை அவரும் பார்த்துக்கொண்டோம். 2022இல் அவர் வீட்டுக் கடனுக்கு விண்ணப்பித்தார். "அக்கா, இந்த மூணு மாசச் சீட்டக் கொஞ்சம் ஸ்கேன் பண்ணிக் குடுங்க" என்று காகிதங்களை என் மேஜையில் வைத்துவிட்டுப் போனார். அவருக்கு அதில் மறைக்க ஏதும் இருப்பதாகத் தெரியவில்லை. 46,000. அன்று என் சம்பளம் 33,000.

ஸ்கேன் செய்தேன். கவரில் போட்டுக் கொடுத்தேன். அன்று மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவில்லை.

ஒரு மாதம் கழித்து, மனதில் பலமுறை சொல்லிப் பார்த்துவிட்டு முதலாளியிடம் கேட்டேன். அவர் பெயரைச் சொல்லாமல், "என் சம்பளத்தப் பத்திப் பேசணும்ங்க" என்று மட்டும். அவர் புரிந்துகொண்டார். "அவரு துறைமுகத்துக்குப் போறாருங்க. ராத்திரி போன் வந்தாலும் எடுக்கறாரு. அவருக்குக் குடும்பம் இருக்கு. உங்களுக்கென்ன, வீட்டுக்காரர் பட்டறை வச்சிருக்காரு" என்றார். அவர் அந்த வருடம் கொச்சிக்கு மூன்று முறை போயிருந்தார். ராத்திரி போனை நானும் எடுத்தேன். ஒரு கையில் கரண்டியும் தோளில் இடுக்கிய போனுமாகத் தூத்துக்குடி ஏஜென்டுக்குக் கன்டெய்னர் நம்பர் சொல்லியிருக்கிறேன். அது வீட்டிலிருந்து செய்த வேலையாகப் போய்விட்டது. அவர் போன் எடுத்தது அர்ப்பணிப்பாகக் கணக்கில் ஏறியது. என் கணவரின் லேத் பட்டறை கொரோனாவுக்குப் பிறகு ஆறு மாதம் ஓடினால் ஆறு மாதம் ஓடாது. வீட்டு வாடகையும் மகளின் பள்ளிக் கட்டணமும் என் சம்பளத்திலிருந்துதான் போயின. அதைச் சொல்லி இரக்கம் தேட எனக்கு விருப்பமில்லை. செய்த வேலைக்குக் கூலி கேட்க, வீட்டுக் கஷ்டத்தை எதற்குச் சாட்சிக்கு அழைக்க வேண்டும்?

2023 ஏப்ரலில் ஐயாயிரம் ஏற்றினார்கள். 38,000. "உங்களுக்காகப் பேசி வாங்கினேன்" என்றார் கணக்குப் பிரிவு மேலாளர். நான் நன்றி சொன்னேன்.

இந்த நன்றிக்கு ஒரு பழைய வரலாறு உண்டு. என் மகள் பிறந்தது 2016 ஆகஸ்டில். அப்போது மகப்பேறு விடுப்பு 12 வாரம்தான். 26 வாரம் என்று ஆனது 2017 ஏப்ரலில். மூன்று மாதக் குழந்தையை என் மாமியாரிடம் விட்டுவிட்டு வேலைக்குத் திரும்பிய அன்று, "உங்க இடத்த யாருக்கும் குடுக்காம வச்சிருந்தோம்" என்றார்கள். கண் கலங்க நன்றி சொன்னேன். மகப்பேறு விடுப்பில் இருக்கிற பெண்ணை வேலையிலிருந்து நீக்கக் கூடாது என்று 1961ஆம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டம் சொன்னது எனக்கு அன்று தெரியாது. அடுத்த ஏப்ரலில் எனக்கு ஊதிய உயர்வு இல்லை. "லீவுல இருந்தீங்கல்ல" என்றார்கள். வருடா வருடம் இருக்கிற சம்பளத்தின் மேல் இத்தனை சதவீதம் என்று ஏற்றுகிற இடத்தில், ஒரு வருடம் ஏறாமல் போனால் அது அந்த ஒரு வருடத்தோடு முடிவதில்லை. அதற்குப் பிறகு வருகிற ஒவ்வொரு உயர்வும் அந்தப் பள்ளத்திலிருந்தே தொடங்குகிறது.

நான் ராஜினாமா எழுதிய அதே அக்டோபரில்தான் கிளாடியா கோல்டினுக்குப் பொருளாதார நோபல் அறிவித்தார்கள். அமெரிக்கப் பெண்களின் உழைப்பைப் பற்றி இருநூறு வருடத் தரவுகளைத் தோண்டியவர். ஒரே தொழிலில் இருக்கும் ஆணுக்கும் பெண்ணுக்கும் இடையிலான ஊதிய இடைவெளியில் பெரும்பங்கு, முதல் குழந்தை பிறக்கும்போது உண்டாகிறது என்று காட்டியவர். எந்த நேரத்தில் கூப்பிட்டாலும் வருகிறவருக்குக் கூடுதல் பணம் தருகிற வேலைகளைப் பற்றியும் எழுதியவர். அந்தச் செய்தியைப் படித்தபோது எனக்குத் துறைமுகமும் ராத்திரி போனும் ஞாபகத்துக்கு வந்தன.

புதிய வேலை தேடியது கோபத்தில் இல்லை. எங்களுக்குச் சரக்கு ஏற்றித் தரும் ஏஜென்ட் அலுவலகத்துப் பெண் ஒருவர், மலுமிச்சம்பட்டியில் ஒரு நிறுவனத்துக்கு ஆள் தேவை என்றார். போய்ப் பார்த்தேன். 55,000 என்றார்கள். நான் ஐம்பது கேட்கலாம் என்று நினைத்துப் போயிருந்தேன். வாயைத் திறப்பதற்குள் அவர்களே சொல்லிவிட்டார்கள்.

ஆக, இரண்டு தொகைகள் என் முன்னால். போனால் 55. இருந்தால் 56.

இருப்பதற்குக் காரணங்கள் குறைவில்லை. வீடு கணபதியில். அலுவலகத்துக்கு நடந்தால் பதினைந்து நிமிடம். மகளுக்குப் பள்ளி விடுவது 3.40க்கு. அவளை அழைத்து வந்து மாமியாரிடம் விட்டுவிட்டு மீண்டும் வேலைக்குப் போக எனக்கு அனுமதி இருந்தது. மலுமிச்சம்பட்டி என்றால் காந்திபுரம் போய் வண்டி மாற வேண்டும். உக்கடத்தில் அப்போது மேம்பால வேலை முடிந்திருக்கவில்லை. சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பது உதவிதான். ஆனால் உக்கடம் நெரிசலில் நிற்கிற முக்கால் மணி நேரத்தை யார் திருப்பித் தருவார்கள்? பிறகு, பழகிய முகங்கள். எனக்குக் கீழே இரண்டு பெண்கள் வேலை செய்தார்கள். ஒருத்தி நான்கு வருடம், இன்னொருத்தி இரண்டு வருடம். இருவரையும் நான்தான் உருவாக்கினேன். எல்லாவற்றுக்கும் மேல், பயம். முப்பத்தாறு வயதில் ஒரு புது இடத்தில் மறுபடி புதியவளாகப் போய் நிற்க வேண்டுமே என்ற பயம்.

அன்று இரவு கணவர், "அதே காசு இங்கயே வருதுன்னா எதுக்கு அலையறே? பாப்பாவ யாரு கூட்டிட்டு வருவாங்க?" என்றார். அவர் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. கேள்வி தானாகவே என் பக்கம் வந்து விழுந்தது, அவ்வளவுதான். "பட்டறை ரெண்டு தெரு தள்ளித்தானே இருக்கு, நீங்க கூட்டிட்டு வரலாமே" என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. "பாத்துக்கலாம்" என்றார். எந்தக் கிழமை என்று கேட்டேன். "எல்லாக் கிழமையும்தான்" என்று சிரித்தார். நான் சிரிக்காமல் அதை நாள்காட்டியில் எழுதினேன்.

அம்மா உடுமலைக்குப் பக்கத்தில் கிராமத்தில் தனியாக இருக்கிறாள். செப்டம்பரில்தான் அவளுக்கு மகளிர் உரிமைத் தொகை முதல் ஆயிரம் ரூபாய் வந்திருந்தது. வாரத்துக்கு இரண்டு முறையாவது அதைப் பற்றிப் பேசுவாள். "உதவித் தொகைன்னு சொல்லாத கண்ணு. உரிமைத் தொகையாம். பேரே அப்படித்தான் போட்டிருக்குது." மறுநாள் அவளை அழைத்து நடந்ததைச் சொன்னேன். இருக்கிற வேலையை விடாதே என்பாள் என்றுதான் எதிர்பார்த்தேன்.

அம்மா கேட்டது வேறு. "எழுதிக் குடுத்தாங்களா?"

"வாயில சொன்னாரும்மா."

"எனக்கும் வாயிலதான் சொன்னாங்க" என்றாள்.

அந்தக் கதையின் ஒரு பாதி எனக்குத் தெரியும். 1993இல் எனக்கு ஆறு வயது. அம்மா ஒரு நாள் என்னையும் ஒரு பெட்டியையும் தூக்கிக்கொண்டு அம்மாயி வீட்டுக்கு வந்துவிட்டாள். பதினொரு நாள் அங்கே இருந்தோம். எனக்கு அது லீவு மாதிரி இருந்தது. எதற்காக வந்தோம் என்கிற மறுபாதியை அம்மா அன்றைக்குத்தான் போனில் சொன்னாள். அப்பா வீட்டில் நான்கு மாடுகள். விடியுமுன் எழுந்து சாணி அள்ளுவதும், தட்டு வெட்டிப் போடுவதும், பால் கறந்து சொசைட்டிக்குக் கொண்டுபோய் ஊற்றுவதும் அம்மா. பத்து நாளுக்கு ஒரு முறை பட்டுவாடா. அந்தப் பணம் தாத்தா கைக்குப் போகும். எனக்கு ஒரு ஜோடி செருப்பு வாங்கக் காசு கேட்டதற்கு, "தின்னுட்டு இருக்கறவளுக்குக் காசு எதுக்கு" என்றாராம். அதற்குத்தான் அம்மா கிளம்பினாள்.

பதினோராம் நாள் பெரியவர்கள் நான்கு பேர் வந்தார்கள். பேசினார்கள். ஒரு மாட்டின் பால் பணம் அம்மாவுக்கு என்று முடிவாயிற்று. அம்மா திரும்பிப் போனாள்.

"மூணு பட்டுவாடா என் கைக்கு வந்துச்சு. நாலாவதுல இருந்து பழையபடி தாத்தா கைக்கே போயிருச்சு. கேட்டா, 'அதுதான் வந்துட்டியே'ன்னாங்க. எம்மேலதான் தப்பு கண்ணு. சொசைட்டில அந்தப் பால் அட்டையை என் பேருக்கு மாத்திட்டு வாங்க, அப்புறம் வர்றேன்னு சொல்லியிருக்கணும். எனக்கு அந்த அறிவு வரல."

அவள் மேல் ஒரு தப்பும் இல்லை என்று சொன்னேன். அவள் அதைக் கேட்கிற மனநிலையில் இல்லை. "அட்டை யாரு பேர்ல இருக்குதுன்னு பாரு" என்று சொல்லிவிட்டு, மாட்டுக்குத் தண்ணி காட்டணும் என்று போனை வைத்தாள்.

நான் நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டேன். மறுநாள் மாலை ஒரு பக்கக் கடிதம் வந்தது. எல்.சி.யைப் படிக்கிற மாதிரி, பென்சிலை எடுத்துக்கொண்டு வரி வரியாகப் படித்தேன்.

முதல் முரண், அடிப்படைச் சம்பளத்தில். என் பழைய 38,000இல் பேசிக் 19,000. புதிய 56,000இலும் பேசிக் 19,000தான். ஏறிய பதினெட்டாயிரம் முழுதும் "சிறப்புப் படி" என்ற பெயரில் இருந்தது. வேலையை விடும்போது கிடைக்கிற கிராஜுவிட்டியைக் கடைசியாக வாங்கிய அடிப்படைச் சம்பளத்தையும் அகவிலைப் படியையும் வைத்துத்தான் அப்போது கணக்கிட்டார்கள். அந்தத் தொகையை 26ஆல் வகுத்து, 15ஆல் பெருக்கி, பணிபுரிந்த வருடங்களால் பெருக்க வேண்டும். எங்கள் சம்பளத்தில் அகவிலைப் படி தனியாக இல்லை. 19,000க்குப் பதினொரு வருடத்துக்கு 1,20,577 ரூபாய் வருகிறது. 56,000இல் பாதி, அதாவது 28,000 பேசிக்காக இருந்தால் 1,77,692. சிறப்புப் படி என்பது இன்றைக்கு ஏற்றி நாளைக்கு இறக்கக்கூடியது என்பது இன்னொரு பக்கம். மூன்று பட்டுவாடாவுக்குப் பிறகு நின்றுபோன பால் பணம் என் கண்முன் வந்து போனது.

இரண்டாவது முரண், கடைசிப் பத்தியில். ஒரு வருடத்துக்குள் நான் வேலையை விட்டால், அதுவரை வாங்கிய சிறப்புப் படி முழுவதையும் திருப்பித் தர வேண்டும். அவர்கள் என்னை ஒரு வருடத்துக்குள் அனுப்பினால் என்ன ஆகும் என்பதற்கு வரி எதுவும் இல்லை.

மூன்றாவது, மேனேஜர். பதவியின் பெயர் மாறியிருந்தது. யாருக்கு நான் மேனேஜர், எதில் கையெழுத்திடும் அதிகாரம் எனக்கு என்று எதுவும் இல்லை. பழைய வேலைகளின் பட்டியலே கீழே இருந்தது.

கடிதத்தின் முதல் வரி, "தங்கள் நீண்டகால விசுவாசத்தைப் பாராட்டி" என்று தொடங்கியது. விசுவாசமாக இருந்த பதினொரு வருடமும் வராத பணம், போகிறேன் என்று எழுதிக்கொடுத்த மூன்றாம் நாள் வந்திருக்கிறது.

வழக்கறிஞரான கல்லூரித் தோழி ஒருத்தியிடம் கடிதத்தைக் காட்டினேன். அவள் அதைவிட, நான் 2022இல் பார்த்த சம்பளச் சீட்டைப் பற்றித்தான் அதிகம் கேட்டாள். ஒரே மாதிரியான வேலைக்கு ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே ஊதியம் என்று 1976இலேயே சம ஊதியச் சட்டம் வந்துவிட்டது என்றாள். ஆட்ரி டி'கோஸ்டா என்ற பெண்ணின் வழக்கையும் சொன்னாள். மெக்கின்னன் மெக்கென்சி என்ற கப்பல் நிறுவனத்தில் சுருக்கெழுத்தாளர். அதே வேலை பார்த்த ஆண் சுருக்கெழுத்தாளர்களைவிடக் குறைவான ஊதியம். வேலையை விட்டு அனுப்பப்பட்ட பிறகு, வர வேண்டிய வித்தியாசத் தொகையைக் கேட்டு வழக்குப் போட்டார். சமமாகக் கொடுக்க எங்களிடம் வசதியில்லை என்றும் நிறுவனம் வாதிட்டது. வசதியில்லை என்பதற்காக ஒரு பிரிவினருக்கு மட்டும் குறைத்துக் கொடுக்க இந்தச் சட்டம் இடம் தரவில்லை என்று 1987இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நான் பிறந்த வருடம்.

நான் வழக்குப் போடவில்லை. அதற்கான தெம்போ, பணமோ, கையில் நகலோ என்னிடம் இல்லை. நண்பர் நம்பிக் கொடுத்த காகிதத்தை ஆதாரமாக்கவும் மனம் வரவில்லை. இதை எழுதும்போது அது சரியான முடிவுதானா என்று இப்போதும் எனக்கு ஐயம் உண்டு. ஆனால் ஒன்று தெளிந்தது. அந்தப் பதினெட்டாயிரத்தில் ஒரு பெரும்பகுதி எனக்கு ஏற்கெனவே வர வேண்டிய கடன். கடனைத் திருப்பித் தருகிறவர் அதைப் பரிசுத் தாளில் சுற்றித் தருகிறார். நான் அதற்கு மறுபடி நன்றி சொல்லத் தயாராகிக்கொண்டிருந்தேன்.

வெள்ளிக்கிழமை முதலாளியைப் பார்த்தேன். அப்போதும் முடிவெடுத்திருக்கவில்லை. அவர் ஒப்புக்கொண்டால் இருந்துவிடுவேன் என்று மனதுக்குள் ஒரு பாதி சொல்லிக்கொண்டிருந்தது. மூன்று விஷயம் கேட்டேன். உயர்வில் பாதியையாவது பேசிக்கில் சேருங்கள். திருப்பித் தர வேண்டும் என்ற பத்தியை எடுங்கள். என் பிரிவில் இருக்கிற இரண்டு பெண்களுக்கும் சம்பளத்தைச் சரிபாருங்கள். நான்கு வருடமாக இருப்பவளுக்கு 17,000, அவளுக்குப் பிறகு ஸ்டோர்ஸில் சேர்ந்த பையனுக்கு 21,000.

முதல் இரண்டுக்கும் அவர் ரொம்பக் கோபப்படவில்லை. "பேசிக் நம்ம ஆடிட்டர்கிட்டக் கேக்கணும். அந்தப் பத்திய வேணா எடுத்தறலாம்" என்றார். வியாபாரி அவர். பேரம் அவருக்குப் புரியும். மூன்றாவதற்குத்தான் உண்மையாகவே ஆச்சரியப்பட்டார்.

"அவங்க ஒண்ணும் கேக்கலையேங்க?"

அதில் வன்மம் ஏதும் இல்லை. அவருக்கு அது ஒரு கணக்கு. கேட்காதவருக்குக் கொடுக்க வேண்டியதில்லை. கேட்டவருக்குக் கொஞ்சம் கொடுக்கலாம். போகிறேன் என்றவருக்கு முழுதாகக் கொடுக்கலாம். நான் பதினொரு வருடம் எந்த வரிசையில் நின்றிருந்தேன் என்பது அந்த ஒரு வாக்கியத்தில் தெரிந்துவிட்டது. இங்கே இருந்தால் அடுத்த உயர்வுக்கு நான் மறுபடி ஒரு ராஜினாமா எழுத வேண்டியிருக்கும். அதோடு, மேனேஜர் என்ற பெயரில், அந்த இரண்டு பெண்களிடமும் "உங்களுக்காகப் பேசி வாங்கினேன்" என்று சொல்கிற ஆளாக நானே ஆகியிருப்பேன்.

"நான் போறேங்க" என்றேன். குரல் நடுங்கியது. அவர் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார். "உங்களுக்கு நாங்க என்ன குறை வச்சோம்?" என்றார். பதில் சொல்ல முடியவில்லை. நீண்ட நாள் இருந்த வீட்டை விட்டு வெளியே வருகிற பெண்ணிடமும் இதே கேள்வியைத்தான் கேட்பார்கள்.

இதைப் படிக்கிற யாரும், கவுன்ட்டர் ஆஃபர் வந்தால் தூக்கி எறிய வேண்டும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. எனக்குத் தெரிந்த ஒரு செவிலியர், இதே மாதிரி வந்ததை ஏற்றுக்கொண்டு அதே மருத்துவமனையில் நன்றாகத்தான் இருக்கிறார். அவருக்குப் பேசிக் ஏறியது, இரவுப் பணி குறைந்தது, இரண்டும் எழுத்தில் வந்தன. உடல்நிலை சரியில்லாத அப்பாவைப் பக்கத்திலிருந்து பார்க்க வேண்டியிருந்தது. அவர் கணக்கு வேறு, அவர் முடிவு சரி. இருப்பதா போவதா என்பதைவிட, எந்தக் காகிதத்தின் மேல் நின்று முடிவெடுக்கிறோம் என்பதைத்தான் நான் அந்த ஒரு வாரத்தில் கற்றேன். பணம் எந்தத் தலைப்பில் வருகிறது, எத்தனை நாள் வரும், எதைத் திருப்பிக் கேட்பார்கள். எந்தக் காரணத்துக்காகக் கிளம்பினோமோ அந்தக் காரணத்துக்கு அந்தக் கடிதத்தில் ஒரு வரியாவது இருக்கிறதா.

பேசிக்கைக் குறைத்துப் படிகளை ஏற்றுகிற பழக்கத்துக்கு இப்போது ஒரு தடை வந்திருக்கிறது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பின்படி, படிகள் மொத்தத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டிய பகுதியையும் ஊதியமாகவே கணக்கில் எடுக்க வேண்டும். எனக்கு அந்தப் பயன் கிடைக்கவில்லை. இனி வருகிறவர்கள் சம்பளச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு கேட்கலாம். சட்டம் இருந்தும் கேட்காமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு 1976ஆம் ஆண்டின் சட்டமும் நானுமே சாட்சி.

நோட்டீஸ் காலம் ஒரு மாதம். அந்த மாதம் முழுதும் என் வேலையை எழுதி வைத்தேன். எந்த நாட்டு வாங்குபவர் எந்தச் சான்றிதழில் என்ன கேட்பார், எந்த வங்கி எதற்கு நிறுத்தும் என்று நாற்பது பக்கம். கிராஜுவிட்டிக்கு விண்ணப்பம் கொடுத்தபோது, "அதெல்லாம் தானா வரும்" என்றார்கள். ஒப்புகைக் கையெழுத்து வாங்கிக்கொண்டேன். சட்டப்படி முப்பது நாளில் வர வேண்டியது, இரண்டு முறை நினைவூட்டிய பிறகு அறுபதாவது நாள் வந்தது.

புது இடம் சொர்க்கம் இல்லை. உக்கடத்தில் பாலம் திறக்கும்வரை ஏறத்தாழ ஒன்பது மாதம் புழுதியில் போய் வந்தேன். முதல் மூன்று மாதம் மதியச் சாப்பாட்டுக்கு யாருடன் உட்காருவது என்று தெரியாமல் தனியாக உட்கார்ந்தேன். அங்கேயும் மேஜையின் தலைப்பக்கத்தில் எல்லோரும் ஆண்கள்தான். கணவர் நாள்காட்டியில் எழுதிய கிழமைகளில் முக்கால்வாசியைக் காப்பாற்றுகிறார். மீதிக் காலுக்கு இன்னும் சண்டை நடக்கிறது.

போன வருடம் தீபாவளிக்கு முன்னால், பழைய அலுவலகத்தில் நான்கு வருடம் இருந்தாளே, அந்தப் பெண் போன் செய்தாள். வேறு இடத்தில் ஒரு வேலைக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்திருக்கிறாள். விஷயம் முதலாளி காதுக்குப் போய்விட்டது.

"அக்கா, ஆறாயிரம் ஏத்தறேன்னு சொல்லிட்டாங்க."

சந்தோஷம் என்றேன்.

"பேசிக்லயா அலவன்ஸ்லயான்னு கேட்டேங்க்கா. முழிக்கறாங்க. திங்கக்கெழம எழுதித் தர்றாங்களாம். வந்ததும் உங்களுக்கு அனுப்பறேன், கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க."

அனுப்பச் சொன்னேன். பென்சிலும் எடுத்து வைத்தேன்.